சிரிக்காமல் எடுத்த சாவு

“அதெல்லாம் சரிம்மா. செத்தா மாதிரி காமிராவக் கிட்டத்துல வெச்சு எடுத்தா, எழுந்து உக்காந்து சிரிக்கிறதையும் எடுத்துட்டுதானே அனுப்புவாங்க? அத ஏன் செய்யல?”

கேட்டது மூலக்குளம் சகாயசெல்வி. எதிரே இருந்தவள் அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஆஷ்லின். இருவருக்கும் நடுவே பாயில், சகாயசெல்வியின் கணவர் லூர்துபிரகாஷ் அன்றைய சாவைச் செத்துக் கிடந்தார்.

பிரான்சிலிருந்து வந்த இயக்குநர் வீராம்பட்டினம் கடற்கரையில் எடுத்த படம் அது. முதல் வெள்ளைக்காரக் கப்பல் கண்ணில் பட்டதும் சூரியன் கறுத்து, சாம்பல் மழை பெய்து, கரையிலிருந்த ஜனம் முழுவதும் மடிந்துபோகும். காமிரா நகர்ந்ததும் பிணங்களில் பாதி ஒன்றையொன்று கிள்ளிச் சிரித்தன. முகத்தருகே காமிராவை வைத்து எடுத்தது லூர்துபிரகாஷை மட்டும்தான். ஈ உட்கார்ந்தும் அவர் அசையவில்லை. பிணமாக நடித்தவரைச் சிரிக்கவைத்தும் எடுக்கும் நம் ஊர் வழக்கத்தை ஆஷ்லின் அப்போதே சொல்லிப் பார்த்தாள். உலகம் அழிந்த பிறகு சிரிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு இயக்குநர் கிளம்பிவிட்டார்.

“அழிஞ்சிடுச்சா? அப்ப அவருக்கு டீ ஆத்திக் குடுத்தது யாராம்?” என்றாள் சகாயசெல்வி.

படப்பிடிப்புக்கு மறுநாளிலிருந்து, வெயில் தாழும் நேரத்தில் லூர்துபிரகாஷ் எங்கிருந்தாலும் விழுந்து செத்தார். அவர் அளவுக்கு மட்டும் மேலே வானம் கறுத்துச் சாம்பல் கொட்டியது. தவளக்குப்பம் சந்திப்பில் வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலேயே செத்த பிறகு வண்டி ஓட்டுவதை விட்டார். தெருவார் பழகிவிட்டார்கள், அந்த நேரத்தில் காயும் துணியை எடுத்துவிடுவார்கள், பாத்திரம் துலக்கச் சாம்பல் வாங்கிப்போவார்கள். முதலில் விளக்கு வைப்பதற்குள் எழுந்தவர், பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்தார். இந்த மாதம் மறுநாள் உச்சிவெயிலில்தான் மூச்சு வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் இடைவெளி இருக்காது. செல்போனில் சிரிக்கவைத்து எடுத்துப் பார்த்தார்கள். திரையில் பிணமே தெரிந்தது. கொன்ற காமிராதான் எழுப்ப வேண்டும் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை.

விட்டுப்போன காட்சிகளை எடுக்க இயக்குநர் ஊருக்குத் திரும்பியபோது ஆஷ்லின் காமிராவோடு அவரை அழைத்துவந்தாள். லூர்துபிரகாஷ் முகச்சவரம் செய்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். இயக்குநர் காமிராவில் கண்ணை வைத்தார். அந்நேரம் பார்த்து வெயில் தாழ்ந்தது. நாற்காலிக்கு மேலே சூரியன் கறுத்து, முதல் சாம்பல் மெல்ல இறங்கியது. இயக்குநர் வாய் பிளந்தார். காமிரா தானாகவே நகர்வதுபோல வானத்தை நோக்கி நிமிர்ந்தது.

சகாயசெல்வி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“முசியே, ஐயா, மேல இல்ல. இங்க பாருங்க, இன்னும் சிரிச்சிக்கினுதான் இருக்காரு. இவர எடுங்க.”