திறந்தால் காணாமல் போகும் நிறம்

எங்கள் ஒப்பனை கவுன்டரில் ஆள் எடுக்க ஒரே ஒரு சோதனைதான். மாடலை நீங்களே அழைத்து வரவேண்டும். நாற்பது நிமிடத்துக்குள் இரண்டு கண்ணிலும் இமைக்கு ஐஷேடோ நிறம் போட்டு முடிக்கவேண்டும். மூன்று நிறமாவது இருக்கவேண்டும், ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அமெரிக்காவில், ஆல்புகர்க்கி நகரத்தில் இந்த மாலில் பத்தொன்பது வருஷமாக இதை நடத்துகிறேன். நடுவில் நான் வாயைத் திறக்கக் கூடாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நானே இப்போது நிறம் பூசுவதில்லை. இமை முடிக்கு மஸ்காராவோடு சரி. கேட்பவர்களிடம், வயசுக்கு ஏற்ற மாதிரி இருக்கவேண்டாமா என்பேன். எனக்கு ஐம்பத்தொன்பது.

அன்று காலை முதலில் வந்த சின்னப் பெண், தோழியின் இமையில் பச்சையையும் நீலத்தையும் தங்கத்தையும் அழகாகக் கலந்துவிட்டுப் போனாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க் போட்டேன். அடுத்து யசெனியா வந்தாள். முப்பத்தைந்து இருக்கும். வருகிறேன் என்ற மாடல் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால், விவாகரத்தான புருஷனின் அம்மாவையே கூட்டி வந்திருந்தாள். பெயர் ஒராலியா. அறுபத்துநாலு வயது, கையில் பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டி.

"முன்னாள் மாமியாருங்க மேடம்," என்றாள் யசெனியா.

"அவன்தான்டி முன்னாள். நான் எங்க போனேன்?"

விண்ணப்பத்தில் எதற்காக இந்த வேலை என்ற கேள்விக்கு மற்றவர்கள் கலை, கனவு என்று அளப்பார்கள். யசெனியா எழுதியிருந்தது ஒரே வரி: பையனுக்கு ஆஸ்துமா, மருத்துவக் காப்பீடு வேண்டும்.

நல்ல கை. பிரஷ்ஷை வால் பக்கம் பிடித்து, மூக்கோரத்தில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, வெளி ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் என்று வைத்து, விளிம்புகளைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக் கரைத்தாள். ஆனால் கிழவியின் கண்ணை மூடவைத்தே எல்லாவற்றையும் செய்தாள். இளசுகளின் முகத்திலேயே பழகியவர்கள் விழுகிற குழி இது. பத்தாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை, தொறங்க."

திறந்தாள். மேல் தோல் இறங்கி இமையை மூடிக்கொண்டது. பூசிய நிறம் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"என்னடி உன் மூஞ்சி தொங்கிப்போச்சு? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை. கண்ண மூடினா."

"அப்ப மூடிக்கிட்டே நடமாடச் சொல்றியா?"

பதினொரு நிமிடம் பாக்கி. யசெனியா வலது கண்ணை மட்டும் துடைத்தாள். "கண்ணாடிய நேரா பாருங்க. சிமிட்டலாம், மூடக்கூடாது," என்றாள். கண் திறந்திருக்கும்போதே தொங்கும் தோலுக்கு மேலே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து புருவ எலும்பு வரை நிறங்களை ஏற்றினாள். கிழவிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பெத்த மவன் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கல."

மணி அடித்தது.

"ஒரு கண்ணுதான் முடிஞ்சிருக்கு," என்றேன்.

"தெரியும் மேடம். ரெண்டையும் அவசரமா அப்பியிருக்கலாம். மனசு வரல."

விதிப்படி இரண்டு கண்ணும் வேண்டும். ஐம்பத்தொன்று போட்டேன். ஒராலியா கண்ணாடி முன் போய் உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மறுபடியும் இடது.

"அட, கலர் தெரியுதுடி! இனிமே நமக்கெல்லாம் எதுவும் எடுக்காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வயசுக்கு ஏற்ற மாதிரி என்பதெல்லாம் சும்மா. பூசினால் கண்ணைத் திறந்ததும் காணாமல் போகிறது, அதனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன். காலையில் வரும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரிகள். அவர்களுக்கும் உதட்டுச்சாயத்தை விற்றே அனுப்புகிறேன். அந்தக் கிழவியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

யசெனியா தலையைக் குனிந்துகொண்டு பிரஷ்களைப் பைக்குள் போட்டாள். "முடிவு எப்ப மேடம்?"

"வெள்ளிக்கிழமை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். "எனக்குப் போடு. ரெண்டு கண்ணுக்கும். நேரம் பாக்கல."

பக்கத்தில் நின்று புரிட்டோவைக் கடித்துக்கொண்டிருந்த ஒராலியா, "சிமிட்டலாம், மூடத்தான் கூடாது," என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

அரை மணி கழித்துக் கைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆரஞ்சு தெரிந்தது. சிமிட்டினேன். அப்போதும் தெரிந்தது. தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண்ணுக்கு என்ன சொல்வது என்று வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துக்கொள்ளலாம்.

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தேன்.

"பையன் பேரென்ன?"

"எதுக்கு மேடம்?"

"காப்பீட்டுல சேக்க வேணாமா?"

பெயரைச் சொன்னது ஒராலியாதான்.