முழிவியளத்துக்கு ஒரு முகம்

குணலட்சுமி குசினிக் கதவை வெளிப்பக்கமாக இழுத்துக் கொண்டியைப் போட்டாள். போட்ட கையோடு ஒருதரம் ஆட்டியும் பார்த்தாள்.

உள்ளே அகப்பட்டது பூனை இல்லை. மருமகள் பிரசாந்தி. சேலைக்கு ஊசி குத்தியாயிற்று, தோளில் பை தொங்குகிறது, கையில் செருப்பு.

"மாமி, எனக்கும் ஒன்பது மணிக்கு முதல் கையெழுத்து வைக்கவேணும்."

"தெரியும் பிள்ளை. கோகுலன் தம்பி ஒழுங்கை முடக்கைத் தாண்டட்டும். பிறகு நானே வந்து திறந்து விடுறன்."

குரலில் கோபம் கிடையாது. சோற்றுப் பானையை மூடி வைக்கிறவளுக்குப் பானையோடு என்ன கோபம்?

விசயம் இதுதான். அரசாங்கத்தின் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் அந்த வீட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு வந்திருந்தது. ஒன்று இளைய மகன் கோகுலனுக்கு. மற்றது செத்துப்போன மூத்த மகன் டிலக்ஷனின் மனைவி பிரசாந்திக்கு. இரண்டையும் ஒரே தபாற்காரன்தான் ஒரே நாளில் கொண்டுவந்து கொடுத்தான். பட்டம் முடித்து வருசக்கணக்கில் வேலையில்லாமல் இருந்து, கொட்டகை போட்டுப் போராடி வாங்கிய வேலை அது. கொட்டகையில் கோகுலன் இரண்டு நாள் இருந்தான். பிறகு தடிமன் பிடித்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து போர்த்துக்கொண்டு படுத்துவிட்டான். பிரசாந்தி மழைக்குள்ளும் கடைசிவரைக்கும் இருந்தாள்.

இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கடமையேற்காதவர்கள் வேலை வேண்டாமென்று சொன்னவர்களாகக் கருதப்படுவார்கள். அப்படித்தான் அறிவித்திருந்தார்கள். நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் போக ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஏழரை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது.

ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியாத ஒரு சட்டம் அந்த வீட்டில் இருந்தது. அதற்குப் பெயர் முழிவியளம். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவனுக்கு எதிரே முதலில் வருகிற முகம் நல்ல முகமாக இருக்கவேண்டும். பொட்டும் தாலியுமாக ஒருத்தி நிறைகுடத்தோடு வந்தால் காரியம் வெற்றி. புருசனை இழந்தவள் வந்தால்... அந்த வசனத்தை அங்கே ஒருவரும் முடிப்பதில்லை. டிலக்ஷன் கலியாணம் கட்டிய எட்டாம் மாதம் வல்லை வெளியில் லொறி மோதிச் செத்தான். அதிலிருந்து மூன்று வருசமாக, எந்த நல்ல காரியமென்றாலும் அந்த வீட்டில் முதல் வேலை குசினிக்குக் கொண்டி போடுவதுதான். குணலட்சுமி கெட்டவள் இல்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். பயத்தை எங்கே வைத்துப் பூட்டுவதென்று தெரியாமல் மருமகளை வைத்துப் பூட்டினாள்.

பிரசாந்தி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இங்கிருந்து முருங்கை இலைகளுக்கு ஊடாக முன்படலை தெரியும். படலையிலிருந்து பார்த்தால் குசினி தெரியாது, முருங்கை மறைத்துக்கொள்ளும். நல்ல வசதி.

படலைக்கு வெளியே, ஒழுங்கையில், செப்புக்குடத்தோடு ஆயத்தமாக நின்றாள் ராணியக்கா.

எதிர்வீட்டுப் பவளராணி. அந்த ஒழுங்கைக்கே ஆஸ்தான முழிவியளம் அவள்தான். நெற்றியில் ஒரு ரூபா நாணயக் குற்றி அளவு குங்குமம், கழுத்தில் வடம் போலத் தாலிக்கொடி, புருசன் தியாகலிங்கம் பிரான்சில். இதற்குமேல் ஒரு முகத்துக்கு என்ன தகுதி வேண்டும்? கடைசி வீட்டுக் கஜீபன் கனடா விசாவுக்குப் போனபோது ராணியக்காதான் எதிரே வந்தாள், விசா கிடைத்தது. கோகுலன் நாலு மாதத்துக்கு முன் இந்த வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோதும் அவள்தான். வாகன அனுமதிப்பத்திரம், சோதனை, காணி உறுதி எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவுக்கு முன்னாலும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். கூலி ஒரு தேத்தண்ணி.

கோகுலன் புதுச் சேட்டும் சப்பாத்துமாக வந்து வலது காலைப் படியில் வைத்தான். ராணியக்கா குடத்தைத் தூக்கினாள்.

பக்கத்தில் நின்ற தகப்பன் தம்பிராசா தும்மினார்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"இப்பதான் உங்களுக்குத் தும்மல் வந்ததோ?" என்றாள் குணலட்சுமி.

"அது என்ன, கேட்டுக்கொண்டோ வரும்?" என்றார் மனிதர் மூக்கைத் துடைத்தபடி.

சகுனம் பிழைத்தால் அதற்கும் ஒரு பரிகாரம் உண்டு. திரும்பி வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிடவேண்டும். கோகுலன் இருந்தான், குடித்தான், எழுந்தான். இந்தமுறை படலை வரைக்கும் போய்விட்டான். ராணியக்கா புன்னகையோடு அடியெடுத்து வைக்க, அவளை முந்திக்கொண்டு ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் பெட்டி நிறைய விறகோடு படபடவென்று வந்து சேர்ந்தது. விறகு கூடாது. மறுபடி கதிரை, மறுபடி தண்ணீர்.

மூன்றாம் முறை பிள்ளையார் கோயில் ஐயர். தனியாக, மோட்டார் சைக்கிளில். ஒற்றைப் பிராமணர் எதிரே வந்தால் என்ன ஆகுமென்று குணலட்சுமிக்குத் தெரியும். அதை ஐயரிடம் சொல்ல முடியாதென்பதும் தெரியும். அவரோ வண்டியை நிறுத்தி, வேலைக்கோ தம்பி, நல்லாயிரு என்று வாயார வாழ்த்திவிட்டுப் போனார். வாழ்த்துக் கணக்கில் எடுக்கப்படவில்லை. கோகுலனின் வயிற்றுக்குள் இப்போது தண்ணீர் குலுங்கியது. ராணியக்காவின் குடத்திலோ பாதி சிந்திவிட்டது. குறைகுடம் ஆகாதென்று அவளையும் அவள் வீட்டுக் கிணற்றடிக்கு அனுப்பினாள் குணலட்சுமி.

அப்போது பெரிய றோட்டில் பஸ் கோர்ன் அடித்தது. நின்றது. போய்விட்டது.

அந்தச் சத்தம் பிரசாந்தியின் நெஞ்சுக்குள்ளேதான் நின்று போனது. வேலை கிடைத்தால் என்ன செய்வாய் என்று கொட்டகையில் ஒருத்தி கேட்டபோது, காலையிலை முன்வாசலாலை வெளிக்கிட்டுப் போவன் என்று சிரித்துக்கொண்டு சொன்னவள் அவள். மற்றவள் அதைப் பகிடி என்று நினைத்தாள்.

குசினிக்கு ஒரு பின்கதவு உண்டு. அது கிணற்றடிக்கு மட்டும்தான் போகும். கிணற்றடியைச் சுற்றிப் பனையோலை வேலி. வேலியில், ஒழுங்கைப் பக்கமாக, நாய் போய்வர ஒரு ஓட்டை.

முதலில் பை போனது. பிறகு செருப்பு. பிறகு அரசாங்கத்தின் பட்டதாரிப் பயிலுனர் முழங்காலில் நின்று, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து போனார். ஒழுங்கையில் எழுந்து நின்று தலையில் ஒட்டியிருந்த ஓலைத் துண்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது, நாலாம் தரம் வெளிக்கிட்ட கோகுலன் படலையைத் திறந்துகொண்டு எதிரே நின்றான். முகத்துக்கு முகம்.

ராணியக்கா நிறைகுடத்தோடு இரண்டடி பின்னால். பிந்திவிட்டாள்.

குணலட்சுமி நெஞ்சில் கையை வைத்தாள். "தம்பி, உள்ளை வா. இண்டைக்குப் போகவேண்டாம்."

"போகாட்டில் வேலை இல்லை அம்மா."

"இந்த முகத்திலை போனால் வேலை இருந்தும் இல்லை. ஒருத்தனைக் குடுத்திட்டன். வா உள்ளை, வந்து தண்ணி குடி."

கோகுலன் தாயைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்றில் எதற்குப் பயப்படுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ராணியக்கா குடத்தைத் தொப்பென்று நிலத்தில் வைத்தாள். "குணமக்கா, இன்னும் ஒருக்கால் தண்ணி குடிச்சானெண்டால் கச்சேரியைப் பூட்டிப்போடுவாங்கள்."

சொல்லிவிட்டு நேரே தன் வீட்டுக்குப் போய் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் பிரசாந்திக்கு ஓட்டப் பழக்கியவள் அவள்தான். கையில் இரண்டு ஹெல்மெற். ஒன்று அவளுடைய ரோசாப்பூ நிறத்தது. மற்றது கறுப்பு, இன்னும் பொலித்தீன் உறைக்குள். தியாகலிங்கம் லீவில் வந்தால் போட என்று வாங்கி, வருசக்கணக்காக அலுமாரியில் சாமி மாதிரி இருந்தது. ராணியக்கா அந்த உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

பிரசாந்தி அதைக் கவனித்தாள். யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"நீ வண்டியை ஓடு பிள்ளை. டேய், நீ பின்னாலை ஏறு."

கோகுலனின் தலைக்கு ரோசாப்பூ நிறம்தான் அளவாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் ஏறினான். தாயின் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. ஆனால் இறங்கவுமில்லை.

வெளிக்கிட்டதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. வல்லை வெளி வந்ததும் ஓய்ந்தது. கடற்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்த இடத்தில் பிரசாந்தி வேகத்தைக் குறைத்தாள், ஒருதரம் இடப்பக்கம் பார்த்தாள், பிறகு கூட்டினாள்.

கச்சேரியில் மின்விசிறி சுற்றியது, வரிசை நின்றது, ஒன்பதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேசையடிக்கு வந்ததும் கோகுலன் பேனையை அவளிடம் நீட்டினான். "அண்ணி, நீங்கள் முதல் வையுங்கோ. வழி முழுக்க நீங்கள்தானே முன்னுக்கு."

அவள் கையெழுத்து வைத்தாள். சேலைக் கரையில் இன்னும் வேலியடி மண் இருந்தது.

பின்னேரம் இருவரும் திரும்பி வந்தபோது படலையில் குணலட்சுமி நின்றாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று தம்பிராசா சொன்னார். வண்டி வந்தது, மகன் முழுதாக இறங்கினான், வேலையும் கிடைத்துவிட்டது. குணலட்சுமியின் முகத்தில் சந்தோசம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு குழப்பமும் வந்தது. கூடாத முகத்தில் போனவனுக்கு எப்படி நல்லது நடந்தது?

அவள் அதிக நேரம் குழம்பவில்லை. ராணியக்காவைக் கூப்பிட்டு விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணியும் வடையும் கொடுத்தபோது விடை ஆயத்தமாக இருந்தது.

"இரண்டடி பின்னாலை நிண்டாலும் நீ நிண்டனிதானே ராணி. உன்ரை முகம் எல்லாத்தையும் வெண்டுபோடும். எங்கை தியாகலிங்கம், இப்ப எடுக்கிறேல்லையோ? முந்தி வேலியாலை கேக்கும் நீ போனிலை கதைக்கிறது."

"இரவு வேலை," என்றாள் ராணியக்கா. எப்போதும் சொல்வதுதான்.

குணலட்சுமிக்கு அன்று தாராள மனம். மருமகளுக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த பிரசாந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "நாளையிலை இருந்து ரண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வெளிக்கிடவேணும், என்ன? நீ ஓட்டைக்குள்ளாலை பூந்து சீலையைப் பழுதாக்காதை பிள்ளை. மாமாவைக் கொண்டு அந்த இடத்திலை உனக்கெண்டு ஒரு சின்னப் படலை போட்டுத் தாறன். தம்பி முன்னாலை போகட்டும், ராணி வந்து நிக்கட்டும். நீ அதாலை வா. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

தட்டத்தைப் பிடித்திருந்த பிரசாந்தியின் விரல்கள் வெளுத்திருந்தன. ராணியக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தாள்.

"குணமக்கா, கஜீபன் விசாவுக்குப் போகேக்கை ஆற்றை முகம்?"

"உன்ரை முகம்."

"தம்பி இன்ரவியூவுக்குப் போகேக்கை?"

"இதென்ன கேள்வி. நீதானே குடத்தோடை வந்தனி."

"ஓம்." ராணியக்கா வடையின் எண்ணெயைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "எங்கடை மனுசன் போன வருசம் மாசியிலை செத்துப்போனார். நெஞ்சுவலி. பாரிஸிலேயே எரிச்சாச்சு. கஜீபன் போனது அதுக்குப் பிறகு. தம்பி போனதும் அதுக்குப் பிறகுதான். இந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொண்டி போடுற சத்தத்தை முன்வீட்டிலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனான். அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

தம்பிராசாவுக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

ராணியக்கா எழுந்து, நெற்றியில் குங்குமம் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரி, சொல்லுங்கோ அக்கா. நாளைக்கு எத்தினை மணிக்கு வர?"