சரிபங்கு

வெள்ளை பனியன் தைக்கும் லைனை மூடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் கம்பெனிக் கணக்கர் சாரதாமணிதான். டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி, திருப்பூர் ஏற்றுமதி முதலாளிகள் தூக்கம் கெட்டுத் திரிந்த 2007ஆம் வருடம் அது. டீசல், கூரியர், ஆபீஸ் சம்பளம், சாம்பிள் செலவு எல்லாவற்றையும் கூட்டி, கம்பெனியில் தைத்த மொத்த உருப்படிகளுக்கும் சரிபங்காகப் பிரித்தாள். உருப்படிக்கு ஆறு ரூபாய் விழுந்தது. மலிவாகப் போகும் பனியன் அதைத் தாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நட்டம். குழந்தைகள் கவுனிலோ பதினோரு ரூபாய் லாபம். முதலாளி செங்கோட்டையன் தாளை ஒருமுறை பார்த்தார். அந்த வாரமே லைன் நின்றது. சூப்பர்வைசர் ரோஸ்மேரியோடு இருபத்திரண்டு டெய்லர்கள் வெளியே போனார்கள்.

இரண்டு மாதமாகியும் செலவு நினைத்தபடி குறையவில்லை. கவுனிலும் லாபத்தைக் காணோம். சாரதாமணிக்குத் தன் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. நாற்காலியை விட்டெழுந்து, ஒரு வாரம் கடிகாரமும் நோட்டுமாகத் தையல் கூடத்திலேயே நின்றாள். கவுனுக்கு ஏழு கலர். கலர் மாறும்போதெல்லாம் நூல் மாற்ற மெஷின்கள் அரைமணி நின்றன. கூரியரில் போன சாம்பிள்கள் பெரும்பாலும் கவுன்தான். செக்கிங் பெண்கள் மூன்று தடவை புரட்டிப் பார்த்ததும் கவுனைத்தான். வெள்ளை பனியனுக்கு இதெல்லாம் ஏது? ஒரே நூலில் மாதக்கணக்காக ஓடியது. எது எந்தச் செலவை இழுத்ததோ அதன்படி மறுபடி பிரித்துப் போட்டதும் கணக்கு தலைகீழானது.

அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அந்த நினைப்போடு கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, நான் போட்ட கணக்கு தப்புங்க. பனியன்ல மூணு ரூவா லாபம் நின்னிருக்குதுங்க. கவுன்லதான் ஒரு ரூவா போகுதுங்க."

செங்கோட்டையன் பழைய தாளைத் தேடி எடுத்து மேஜைமேல் விரித்தார். "இருவத்திரண்டு பேரு அம்மிணி..." என்றார். "தாள நானுந்தானே பாத்தன். ஒரு கேள்வி கேக்காம போயிட்டனே."

கவுன் வாங்குபவர்களிடம் விலையைக் கூட்டிக் கேட்டார். அவர்கள் இசையவில்லை, கலரை மட்டும் நான்காகக் குறைத்தார்கள். பனியன் வியாபாரி பாதி ஆர்டரை ஏற்கெனவே வேறு இடத்துக்குக் கொடுத்திருந்தார். மீதிப் பாதி கிடைத்தது.

ஊரையொட்டிய நெருப்பெரிச்சலில் ரோஸ்மேரி குடியிருந்த வாடகை வீட்டைத் தேடி சாரதாமணியே போனாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, வேலைக்குத் திரும்ப வரும்படி கூப்பிட்டாள்.

"அன்னைக்கே சொன்னேம்லாக்கா, எங்க லைன்ல நூல் மாத்துத வேலகூட கெடையாதுன்னு. நீங்க தாள விட்டுத் தல நிமிரலயே" என்றாள் ரோஸ்மேரி. குரலில் கோபமில்லை. "இப்பம் போற கம்பெனில சம்பளம் கம்மிதான். ஆனா அங்க வரமாட்டேங்க்கா. மறுபடியும் ஒரு கணக்கு வந்தா நான் எங்க போவேன்?"

பதின்மூன்று பேர் திரும்பி வந்தார்கள். லைன் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை சாரதாமணி அவர்களிடையே போய் நின்றாள். ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஒருத்தரும் அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.