விருந்துக்கு வந்த டயர்கள்

பொள்ளாச்சியில் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு டயர் மாட்டித் தர மாட்டார்கள். டயர்கள் தனியாக வீட்டுக்கு வரும். நாலு நாள் தங்கும். வீட்டாருக்கு அவற்றின் குணமும், அவற்றுக்கு வீட்டாரின் குணமும் ஒத்துப்போனால், ஐந்தாம் நாள் தாமாகவே காருக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடும். இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

கோகிலவாணி வாங்கியது சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் செடான். தென்னை நார் மில் நடத்துகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு இந்த வேகம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னதும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கார் போர்ட்டிகோவில் நான்கு ஜாக்கிகளின் மேல் நின்றது. டயரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவள் தன் கணவர் சென்னியப்பனிடம் விட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. சென்னியப்பன் சமவெளியில் எங்கு வேண்டுமானாலும் வருவார். மலை ஏற மாட்டார். கொண்டை ஊசி வளைவில் டயர் ரோட்டை விட்டுவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவர்களுடைய ஒரே மகள் யமுனா வால்பாறையில் பல் டாக்டர். மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறாள். மகள் குடியிருக்கும் வீட்டின் வாசலை அவர் பார்த்ததே இல்லை. இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் முதல் வளைவிலேயே இறங்கி ஆழியாறுக்கு நடந்து வந்துவிட்டார். மகள் போனில் அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இப்போது அவள் வீட்டின் முன்னறையிலேயே சொந்தமாகக் கிளினிக் வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அப்பா வராவிட்டால் பூட்டைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு நம்பிக்கை வர்ற டயரா நீங்களே பாத்து எடுங்க" என்றாள் கோகிலவாணி. "அப்பறம் டயர் மேல பழி போடக் கூடாது."

முதலில் வந்த நால்வரும் பரம சாதுக்கள். மிதியடியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சோபாவுக்குப் பின்னால் வரிசையாகச் சாய்ந்துகொண்டார்கள். நடமாடினால் சத்தமே கேட்காது. ஐந்து வருடம் உழைப்போம் என்று பணிவாகச் சொன்னார்கள். சென்னியப்பனுக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் மனம் குளிர்ந்துவிடும். ஆனாலும் சோதித்துப் பார்ப்பது முறை. கேட்டிலிருந்து போர்ட்டிகோவுக்குக் கார் ஏறும் சிமெண்டுச் சரிவில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, நடுவில் நிற்கச் சொன்னார். நால்வரும் நின்றபடியே வழுக்கி, கேட்டைத் தாண்டி, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள். அங்கிருந்தே மன்னிப்புக் கேட்டுவிட்டு, காப்பியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் வேறு ரகம். அகலமானவர்கள், பக்கச்சுவர் குட்டை. தொட்டால் ரப்பர் மெத்தென்று விரலோடு ஒட்டியது. காலையில் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்து சூடேறிய பிறகுதான் மனிதர்களாவார்கள். நடந்தால் அடுத்த தெரு வரை கேட்கும். போகிற இடமெல்லாம் கறுப்புத் துகள் உதிர்ந்தது. சென்னியப்பன் முறத்தோடு பின்னாலேயே போய்க் கூட்டினார்.

கூட்டக் கூட்ட அவருக்கு இவர்கள் மேல் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. எதற்காக இப்படி உதிர்கிறார்கள்? வெயில் ஏறியதும், நால்வரில் பேசக்கூடியதான முன்பக்க இடது டயரிடம் போய்க் கேட்டார், எவ்வளவு நாள் உழைப்பீர்கள் என்று.

"ரண்டு வருசம் வருவோமுங்ணா."

"போன வாரம் வந்தவங்க அஞ்சு வருசம்னாங்களே."

"அவங்க ரோட்டு மேல போவாங்க. நாங்க ரோட்டைப் புடிச்சுட்டுப் போவோமுங்ணா. தேயாமப் புடிக்க முடியாதுங்க."

இந்தப் பதிலை அவர் மத்தியானம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சரிவில் தண்ணீர் அடித்து நிற்கச் சொன்னார். அவர்களும் வழுக்கினார்கள். சென்னியப்பனுக்கு மனசு வெறுத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

நால்வரையும் அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் அவர்களைத் துடைக்க உட்கார்ந்தார். துடைக்கும்போது ஒன்றைக் கவனித்தார். வந்த அன்று தட்டையாக இருந்த டயர்கள் இப்போது நடுவில் உப்பியிருந்தன. தரையில் நடுப்பகுதி மட்டுமே பட்டது; ஓரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. வந்ததிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். டயர் தயங்கித் தயங்கிச் சொன்னது.

கோகிலவாணி செய்த வேலை. வீட்டுக்கு வந்தவர்களின் வயிற்றைக் காயவிடுவது அந்த வீட்டில் கிடையாது. மில்லிலிருந்து கம்பிரசரை வரவழைத்து அடுக்களை வாசலில் வைத்திருந்தாள். காலையில் காற்று, பதினோரு மணிக்குக் காற்று, சாயங்காலம் காற்று. போதும் போதும் என்று இரண்டு முறை சொல்வதும், மூன்றாம் முறைக்கு இலையை மறைக்காமல் வாங்கிக்கொள்வதும் கொங்கு நாட்டு விருந்தாளிகளின் மரியாதை. டயர்களும் மரியாதை தெரிந்தவை. ஆகவே மூன்றாம் முறை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டன. மூன்றாம் முறை வாங்கினால் பசி என்று அர்த்தம் என்பது கோகிலவாணியின் கணக்கு. ஆகவே நாலாம் முறையும் வைத்தாள்.

"வந்தவங்களைக் கேட்டுக் கேட்டுப் போடறது ஒரு குத்தமா?" என்றாள் அவள்.

"குத்தமில்ல. ஆனா நிக்க முடியாமப் பண்ணிப் போட்டியே, அம்மிணி."

மறுநாள் கிருத்திகை. சென்னியப்பன் வழக்கம்போல் விரதம் இருந்தார். டயர்களும் கூட இருந்தன. அன்று யாரும் யாரையும் சாப்பிடச் சொல்ல முடியாது. கோகிலவாணி கம்பிரசருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலைக்குள் அவர்களிடம் அதிகப்படியாக இருந்த காற்றெல்லாம் பெருமூச்சாகப் போய்விட்டது. சரிவில் தண்ணீர் அடித்தார்கள். நால்வரும் அகலமாக ஊன்றி நின்றார்கள். சென்னியப்பன் ஒரு டயரைத் தள்ளிப் பார்த்தார், பிறகு முதுகைக் கொடுத்துத் தள்ளினார். கோகிலவாணியும் சேர்ந்து தள்ளினாள். சரிவுதான் லேசாக முனகியது.

அப்போதும் அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. இடது டயர்தான் பேச்சைத் தொடங்கியது.

"வண்டியில நீங்க எங்கீங்ணா உக்காருவீங்க?"

"முன்னாடி. அவளுக்குப் பக்கத்துல."

"அப்ப உங்களுக்குக் கீழ நாந்தானுங்க இருப்பேன்."

சென்னியப்பன் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் போட்டுக்கொள்ளத் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது டயர்கள் காருக்கு அடியில் நின்றன. ஆழியாறு தாண்டியதும் தூறல் பிடித்தது. முதல் வளைவில் சென்னியப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டார். கால் கட்டை விரல்கள் செருப்பைக் கவ்வின. கீழேயிருந்து, "புடிச்சிருக்கேனுங்ணா" என்று குரல் வந்தது. இரண்டாவதிலும் வந்தது. அதற்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். பயம் போகவில்லை, ஆனால் வேடிக்கை பார்க்கவும் ஆசையாக இருந்தது.

பாதி மலையில் மழை வலுத்தது. ஒரு வளைவில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் தன்னையறியாமல் இரண்டு காலையும் தரையில் அழுத்தினார். டயர் அதைத் தலைமேல் உணர்ந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்தது. கார் வளைவைக் கடந்து மேலே ஏறியபோது, பிடித்த பிடியில் பெயர்ந்து வளைவும் கூடவே வந்துவிட்டது.

"வண்டி கொஞ்சம் இழுக்குதுங்க" என்று சொல்லி கோகிலவாணி ஒரு கியர் குறைத்தாள். பின்னால் வந்த பேருந்து, வளைவு இருந்த இடத்தில் நேராக ஏறி வந்தது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டி நன்றி காட்டிவிட்டு முந்திப் போனார்.

யமுனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா இறங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைப்பதற்காகக் குனிந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த செம்பருத்தித் தொட்டிகளை நகர்த்தி வளைவுக்கு இடம் பண்ணினாள். மூவருமாகப் பிடித்து அதை இறக்கி வைத்தார்கள். அதன் தடுப்புச் சுவரும், வளைவு எண் எழுதிய மஞ்சள் பலகையும் முழுசாக இருந்தன. சுவரில் உட்கார்ந்து வந்த ஒரு கருங்குரங்கு இறங்கி, வாலை உதறிவிட்டு, கிளினிக் வாசலில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது.

பூட்டைத் திறந்த பிறகு சென்னியப்பன் டீ டம்ளரோடு வந்து, அந்தத் தடுப்புச் சுவரில் காலை வெளிப்பக்கம் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். வளைவு பழைய இடத்தில் இருந்தபோது தெரிந்த மாதிரியே, கீழே, வெகு ஆழத்தில், ஆழியாறு அணை தெரிந்தது. திரும்பினால் மகளின் வீட்டு வாசல் தெரிந்தது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யமுனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த வாரமும் வருவீங்களாப்பா?"

"வராம? இன்னிக்கு இது ஒண்ணு இருக்கட்டும் கண்ணு. அடுத்த வாரம் வர்றப்ப இன்னொண்ணு கொண்டாறேன்."

யமுனா எழுந்து, மீதி வளைவுகளுக்கும் இடம் போதுமா என்று பார்க்க வீட்டின் பின்பக்கம் போனாள்.