பாக்கெட்டுக்குள் மஞ்சள் ஸ்டிக்கர்

கிள்ளான் சட்டை பேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் கியூசி, அதாவது தைத்த சட்டையில் தப்பு பிடிக்கிற வேலை பார்த்தவள் நான். என் கண்ணுக்குத் தப்பிய நூல் பிசிறு உலகத்திலேயே கிடையாது. அமெரிக்காக்காரன் பட்டன் போடும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள்வான். ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் சும்மா கிடக்கிறேன் என்று நினைத்தால், போன சனிக்கிழமை என்னைப் பார்த்திருக்க வேண்டும்!

விஷயம் இதுதான். அதே பேக்டரியில் இன்னும் தைக்கிற மலர், வேலை ஓடும்போது பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள் என்றாள். துணி திருடு போகிறதாம். உள்ளே நூற்றிருபது பேர். ஒரு தீப்பொறி போதும். மேல்வீட்டு குளோரியா இதைக் கேட்டுக் கொதித்துப்போய், அங்கே தைத்த சட்டைகளை விற்கும் லூமாரா பிராண்டை யாரும் வாங்காதீர்கள் என்று இன்டர்நெட்டில் போட்டாள். லூமாராக்காரன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "எங்கள் துணி அங்கே தைக்கப்படுவதே இல்லை."

"பெரிய கம்பெனிதான் ஆர்டர் எடுக்குது அக்கா. அவங்களால முடியாததை எங்ககிட்ட தள்ளிவிடுறாங்க. லேபிள்ல எங்க பேரே வராது லா," என்றாள் மலர்.

லேபிளில் வராது. பாக்கெட்டில் வரும்! துணியை வெட்டியதும் கை, காலர், பாக்கெட் எல்லாம் கலந்துபோகாமலிருக்கத் துண்டுக்குத் துண்டு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எங்கள் பேக்டரி ஸ்டிக்கர் மஞ்சள். நம்பருக்கு மேல் பேக்டரி பெயரே இருக்கும். தைத்து முடித்ததும் பிய்த்துவிட வேண்டும். பிய்க்காதவர்களுக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து ஊர் காப்பார் வரைக்கும் கேட்டது.

நானும் குளோரியாவும் லூமாரா கடை இருக்கிற மாலுக்குப் போனோம். கடை வாசலிலேயே குளோரியா நின்றுவிட்டாள்.

"நீங்க போங்க ஆன்டி. நான் பாய்காட்ல இருக்கேன். உள்ளே கால் வைக்க மாட்டேன்."

உள்ளே முப்பதாயிரம் சட்டைகளில், சரி, முப்பது இருக்கும், பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. பாவிகள், நான் சொல்லிக்கொடுத்தபடியே சுத்தமாகச் செய்து தொலைத்திருக்கிறார்கள்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோம்பேறி வேண்டுமென்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

"சைஸ் தேடுறீங்களா ஆன்டி?" என்று கடைப்பெண் வந்தாள்.

"தப்பு தேடுறேம்மா."

அடுத்த சட்டையில் விரலில் ஏதோ ஒட்டியது. மஞ்சள்! நான் போட்ட கூச்சலில் எஸ்கலேட்டரே நின்றுபோனது.

சட்டையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினேன். குளோரியா குதித்தாள். "பில்லு வேணும் ஆன்டி! இல்லாட்டி நாமளே ஒட்டினதா சொல்லிடுவாங்க!" என்றவள் முகம் சட்டென்று சுருங்கியது. "ஐயோ, அப்ப நாமளே லூமாரா வாங்கணுமா?"

"நீ பாய்காட் பண்ணு. நான் வாங்குறேன்."

வாசலைத் தாண்டாமலே எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள்: கவுன்டர், பில், சட்டை, பாக்கெட், உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கர். ராத்திரிக்குள் மலேசியாவில் அதைப் பார்க்காதவர்கள் பச்சைக் குழந்தைகள் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை லூமாராக்காரர்கள் பேக்டரி வாசலிலேயே காரில் வந்து இறங்கினார்கள். மத்தியானம் மலர் படம் அனுப்பினாள். பின்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. சங்கிலியைக் காணோம். வெளியே வெயிலில் மலரும் நாலு பேரும் கறிபாப் தின்கிறார்கள்.

"பூட்டு மாட்டுற வளையத்தையே அறுத்துட்டாங்க அக்கா!"

கண் கலங்கியதில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலரின் தோளில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். "பிய்ச்சுப் போடுடி!" என்று டைப் அடிக்கப் போன விரலை, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அடக்கிக்கொண்டேன்.