எதிலும் டிக் செய்யாதவர்கள்

தென்கொரியத் துறைமுக நகரமான குன்சானில் ஒரு சிறிய கணக்கெடுப்பு நிறுவனத்தில் அட்டவணை போடுவது கியூ-வோனின் வேலை. தனியாகக் குடியிருப்பவர்களிடம் நகராட்சி கேட்கச் சொன்ன கேள்வி அன்று அவள் கையில் இருந்தது. உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது யார்? பிள்ளை, கூடப்பிறந்தவர், நண்பர், பக்கத்து வீட்டார். பொருந்துகிற எல்லாவற்றிலும் டிக் செய்யலாம்.

ஒருவரே மூன்று பதில் சொல்லலாம் என்பதால், மென்பொருளில் ஒவ்வொரு டிக் கட்டத்துக்கும் ஒரு நெடுவரிசை என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகத் தொகுக்க வேண்டும். தொகுத்தாள். அட்டவணை அழகாக வந்தது. அதில் இருந்த எல்லோருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள்.

அதுதான் உறுத்தியது. அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தாள். ஆறில் ஒருவரைக் காணோம். ஒரு கட்டத்திலும் டிக் இல்லாதவரை, பதிலே சொல்லாதவர் என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டு மீதிப் பேருக்குச் சதவீதம் போட்டிருந்தது. தனியாள்களுக்குத் துணை அனுப்பும் திட்டம் தேவையா என்று நகராட்சி இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

தலைவர் மேங்கிடம் போய்ச் சொன்னாள். சாயங்காலம் அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"பக்கத்தப் புரட்டுறப்ப விட்டிருப்பாங்கம்மா."

"முன்னாடி பின்னாடி எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்காங்க சார். இத மட்டும் எப்படி விடுவாங்க?"

"அவங்க என்ன ஒனக்குச் சொந்தக்காரங்களா?"

தன் மேசைக்குத் திரும்பினாள். அதில் அவளுடைய வருடாந்திர உடல் பரிசோதனைப் படிவத்தின் நகல் கிடந்தது. மயக்க ஊசி போட்டு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். துணைக்கு ஆள் வந்தால்தான் ஊசி. துணைக்கு வருபவர் பெயர் என்ற இடத்தை அப்படியே விட்டு அனுப்பியிருந்தாள்.

எதிலும் டிக் செய்யாதவர்களில், சரிபார்க்கத் தொலைபேசி எண் கொடுத்திருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். முதல் ஆள் எடுக்கவில்லை. அடுத்து ஒரு முதியவர். பின்னால் துறைமுகக் காற்று இரைந்தது.

"ஆள் இருந்தாத்தானே டிக் போடுவேன்? இல்லன்னு சொல்ல நீங்க எடமே விடலையே." கொஞ்சம் நிறுத்தி, "சரி, நீ சாப்டியா?" என்றார்.

சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னாள். அவர் போனை வைக்கத் தயங்கினார், அவளும்தான்.

பிறகு எடுத்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். அவள் போய்ச் சொன்னதைக் கேட்டு மேங் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"யாரும் இல்லங்கற கட்டத்த நான்தான் எடுக்கச் சொன்னேன். கேக்கவே சங்கடமா இருந்துச்சு. போடு. முதல் வரியா போடு."

ஒவ்வொருவரின் டிக்குகளையும் கூட்டி, பூஜ்யம் வந்தவர்களைத் தனி வரியாக்கிச் சேர்த்து, சதவீதத்தை எல்லோருக்குமாகத் திரும்பப் போட்டாள். எதிலும் டிக் செய்யாதவர் என்றே அந்த வரிக்குப் பெயர் வைத்தாள். தொலைபேசியில் கேட்டதை அடிக்குறிப்பில் எழுதினாள். அட்டவணை போய்ச் சேர்ந்தது.

கிளம்புவதற்காக அவள் மேல்கோட்டை மாட்டும்போது பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. துணைக்கு வருபவர் பெயர் எழுத மறந்துவிட்டீர்களா என்று ஒரு பெண் கேட்டாள்.

"மறக்கல. யாரும் இல்ல. அப்படியே எழுதிக்குங்க."

அப்படியானால் ஊசி இல்லாமல்தான் செய்ய முடியும், கொஞ்சம் சிரமமாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். சரி என்றாள் கியூ-வோன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"இல்லன்னு போட இதுல கட்டம் இல்லீங்க. காலியாவே விட்றட்டுமா?"

"வேண்டாம். ஓரத்துலயாவது எழுதுங்க," என்ற கியூ-வோன், அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.