வாசலும் ஜன்னலும் இடம் மாறின

ஹுப்ரெக்டிடம் ஒரே பாட்டுதான்: ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம் வேண்டும். நெதர்லாந்தும் பெல்ஜியமும் கலந்து கிடக்கும் பார்லே ஊரில் நாட்டுக்கொரு நகர்மன்றம்; நெதர்லாந்து மன்றத்தில் அவர் பல வருடமாக உறுப்பினர். அவர் எழுந்தாலே பாதிப் பேர் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனாலும் அந்த நாற்காலி மேல் மனிதருக்கு உயிர்.

எல்லைக்கோடு அவரும் மனைவி யோலைனும் குடியிருந்து நடத்தும் பேக்கரிக்குள் புகுந்து கொல்லைப்புறம் போகிறது. இந்த ஊரில் வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்குத்தான். அவர்களது வாசல் நெதர்லாந்தில். அதை ஒட்டிய ஜன்னல் பெல்ஜியத்தில்.

கொல்லையில் புது அடுப்புக்கூடம் கட்ட யோலைன் கேட்ட அனுமதியை நெதர்லாந்து அலுவலகம் மறுத்துவிட்டது. பழைய அடுப்போ இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. அது போனால் கடையே போச்சு. பெல்ஜியத்தில் அதே கட்டடத்துக்குத் தடையில்லை.

"வாசலையும் ஜன்னலையும் இடம் மாத்திடலாம்," என்றாள் யோலைன்.

ஹுப்ரெக்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் பெல்ஜியத்துல குடியிருக்கிறவன். பதவி காலி."

"தெரியும். அதான் இத்தனை நாளா வாயத் திறக்கல."

"இதுக்குத்தாண்டி ஒரே சட்டம் வேணும்னு அடிச்சுக்கறேன்!"

"அந்த ஒரே சட்டமும் முடியாதுன்னு சொல்லிட்டா? வாசல எங்கய்யா வைக்கிறது, வானத்துலயா?"

மன்றத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஹுப்ரெக்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போ, கொத்தனாரக் கூப்பிடு."

சனிக்கிழமை தெருவே திரண்டுவிட்டது. பீர் பெட்டிகளோடு வந்தவள் எதிர்வீட்டு கோடெலீவ். பெல்ஜியத்து நகர்மன்ற உறுப்பினர். ஒரே சட்டம் என்றாலே சீறுகிறவள். கதவின் ஒரு பக்கத்தைக் கொத்தனார் பிடிக்க, மறுபக்கத்தை ஹுப்ரெக்டே தோளில் தாங்கினார். புது வாசலில் பெல்ஜியக்கொடி போட்ட வீட்டு எண்பலகையை அடித்ததும் யோலைன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெரு கைதட்டியது.

"வாப்பா, வெளிநாட்டுக்காரா!" என்றாள் கோடெலீவ். "ஏன் மூஞ்சி தொங்குது?"

"திங்கக்கிழமை பதவிய விடணும்ல."

"விட்டுட்டு அடுத்த தேர்தல்ல எங்க மன்றத்துக்கு நில்லு."

"நான் டச்சுக்காரன்."

"இருந்தா என்ன? ஐரோப்பிய யூனியன்ல எந்த நாட்டு ஆளும் குடியிருக்கிற ஊர்ல நிக்கலாமே. எல்லா நாட்டுலயும் அதே சட்டம். நீ கேட்டதுதானேய்யா!"

அவருக்குத் தெரியாததா? துக்கத்தில் மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான். வெடித்துச் சிரித்தார்.

"ஐயோ, பெல்ஜியத்துக்காரங்க காது என்ன பாவம் பண்ணுச்சு!" என்றாள் யோலைன்.

"கோடெலீவ், எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"செத்தாலும் மாட்டேன்," என்று பீரை நீட்டினாள் அவள். "ஆனா எங்க மன்றத்துல எனக்குச் சரிக்குச் சரி சண்டை போட ஆளே இல்ல. வந்துடு."